கார் எழுதும் ஐந்தெழுத்து

சாவியில் இருக்கும் பூட்டுப் பொத்தானை அழுத்துகிறீர்கள். நான்கு கதவுகளும் 'டக்' என்று பூட்டிக்கொள்கின்றன. இண்டிகேட்டர்கள் எல்லாம் ஒருமுறை மின்னி அணைகின்றன. உள்விளக்கு மெல்ல மங்கி மறைகிறது. சில கார்களில் பக்கக் கண்ணாடிகளும் மடிந்துகொள்கின்றன. நீங்கள் அழுத்தியது ஒரே ஒரு பொத்தான்தான். இத்தனை வேலைகளையும் பங்கிட்டுக் கொடுத்தது யார்?

காரின் டேஷ்போர்டுக்கு அடியில், பெரும்பாலும் ஓட்டுநரின் கால் பக்கத்தில், ஒரு பிளாஸ்டிக் பெட்டி ஒளிந்திருக்கிறது. ஒரு தடித்த புத்தகத்தின் அளவுதான் இருக்கும். அதில் பல கப்ளர்கள் செருகியிருக்கும், ஒவ்வொரு கப்ளரிலும் கற்றை கற்றையாக ஒயர்கள். அதன் பெயர் பாடி கண்ட்ரோல் மாட்யூல். ஒர்க்‌ஷாப்பில் சுருக்கமாக பி.சி.எம். என்பார்கள். என்ஜினைப் பார்த்துக்கொள்ள வேறொரு கணினி இருக்கிறது, பிரேக்கைக் கவனிக்க இன்னொன்று. பி.சி.எம்.முக்கு உரியவை விளக்கு, வைப்பர், ஹாரன், கதவுப் பூட்டு, கண்ணாடி ஏற்றி இறக்குவது போன்ற வேலைகள். கூடவே அது இன்னொன்றும் செய்கிறது. இந்த வேலைகளில் ஏதாவது கெட்டுப்போனால் தன் நினைவில் ஐந்தெழுத்தில் ஒரு குறிப்பு எழுதி வைக்கிறது. அந்தக் குறிப்பை எப்படிப் படிப்பது, படித்த பிறகு அதை எவ்வளவு நம்புவது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

சுவிட்ச் இப்போது கட்டளையிடுவதில்லை

2014 வரை தயாரான அம்பாசடர் போன்ற பழைய கார்களில் கணக்கு எளிது. பேட்டரியிலிருந்து ஃபியூஸ், அங்கிருந்து சுவிட்ச், அங்கிருந்து விளக்கு. விளக்கு எரியத் தேவையான மின்னோட்டம் முழுவதும் சுவிட்சின் வழியாகவே ஓடும். விளக்கு எரியவில்லை என்றால் ஒயரைப் பின்தொடர்ந்து போனாலே போதும், எங்கே அறுந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இன்றைய காரில் ஸ்டியரிங் பக்கத்து நெம்புகோலை இடது இண்டிகேட்டருக்குத் தள்ளினால் அதன் வழியாக விளக்கு எரியும் அளவு மின்சாரம் ஓடுவதில்லை. 'இடது இண்டிகேட்டர் வேண்டும்' என்ற செய்தி மட்டுமே பி.சி.எம்.முக்குப் போகிறது. அது யோசித்து, தன்னுள் இருக்கும் ஒரு மின்னணு சுவிட்சைப் போட்டு விளக்குக்கு மின்சாரம் அனுப்புகிறது. இந்த மின்னணு சுவிட்ச் ஒரு சிறிய சிலிக்கான் சில்லு. அசையும் பாகம் எதுவும் அதில் கிடையாது. பழைய சுவிட்சுக்குத் தெரியாத ஒரு வித்தை இதற்குத் தெரியும்: தன் வழியாக எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று அளந்து சொல்லும். விளக்குக்குப் போகும் மின்னோட்டத்துக்கு நேர்விகிதமான ஒரு மிகச் சிறிய மின்னோட்டத்தைத் தனிக் கால் ஒன்றின் வழியே வெளியே விடும். பி.சி.எம்.மின் மூளைச் சில்லு அதைப் படித்துக்கொள்ளும்.

இப்போது நீங்களே கணக்குப் போடலாம். இண்டிகேட்டர் பல்பு 21 வாட். பேட்டரி 12 வோல்ட். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் வரும்: 21 ÷ 12 = 1.75 ஆம்பியர். பி.சி.எம்.முக்கும் இந்தக் கணக்குத் தெரியும். 1.75-ஐ ஒட்டி ஏதோ ஒன்று ஓடினால் பல்பு நலம். ஏறக்குறைய எதுவுமே ஓடவில்லை என்றால் பல்பு உருகியிருக்க வேண்டும், இல்லை ஒயர் எங்கோ கட் ஆகியிருக்க வேண்டும். திடீரென்று பல மடங்கு பாய்ந்தால், ஒயரின் தோல் உரிந்து காரின் இரும்பு உடம்பைத் தொடுகிறது, அதாவது ஷார்ட். அப்போது சில்லு கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவான நேரத்தில் தன்னை அணைத்துக்கொள்ளும். நான்காவதாக ஒரு விசித்திரம்: பி.சி.எம். மின்சாரமே அனுப்பாத நேரத்தில் அந்த ஒயரில் 12 வோல்ட் நிற்கிறது! வேறு ஏதோ ஒயரிலிருந்து மின்சாரம் அதற்குள் புகுந்துவிட்டது என்று பொருள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பல்புக்குள் இருக்கும் டங்ஸ்டன் இழை குளிர்ந்திருக்கும்போது அதன் மின்தடை மிகக் குறைவு. சூடேறி ஒளிரும்போது பத்து மடங்கு அளவுக்குக் கூடிவிடும். ஆகவே விளக்கைப் போட்ட முதல் நொடித்துளியில் 1.75 ஆம்பியருக்குப் பதில் அதைப்போல் பத்து மடங்கு வரை பாயும். பி.சி.எம். அவசரக்காரனாக இருந்தால் ஒவ்வொரு முறையும் 'ஐயோ ஷார்ட்!' என்று கத்தியிருக்கும். அதனால் அதை வடிவமைத்தவர்கள் பொறுமை கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். சில மில்லி விநாடிகள் காத்திருந்து, மீண்டும் அளந்து, அப்போதும் தவறாகவே இருந்தால்தான் எழுதும்.

இண்டிகேட்டர் சட்டப்படி நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை மின்ன வேண்டும். ஒரு பல்பு போய்விட்டால் பல கார்களில் அந்தப் பக்கம் மட்டும் படபடவென்று இரட்டை வேகத்தில் மின்னும். ஓட்டுநர் கவனிக்க வேண்டும் என்பதற்காக பி.சி.எம். வேண்டுமென்றே செய்வது அது. சிலர் ஆசைப்பட்டு பழைய பல்பைக் கழற்றி எல்.இ.டி. பல்பு போடுவார்கள். எல்.இ.டி. நன்றாக எரியும், ஆனால் மிகக் குறைவான மின்னோட்டத்தையே எடுத்துக்கொள்ளும். பி.சி.எம்.முக்கு அது உருகிப்போன பல்பு போலத்தான் தெரியும். எரிகிற விளக்கைப் பார்த்துக்கொண்டே 'விளக்கு இல்லை' என்று எழுதி வைக்கும். அதன்மேல் தவறு இல்லை. அதற்குக் கண் கிடையாது. மின்னோட்டத்தை மட்டுமே அதனால் உணர முடியும். இதை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஐந்தெழுத்தைப் பிரித்துப் படிப்போம்

ஸ்டியரிங்குக்குக் கீழே கையை விட்டுப் பார்த்தால் 16 ஓட்டைகள் கொண்ட ஒரு கப்ளர் தட்டுப்படும். அமெரிக்காவில் 1996-லிருந்து விற்கும் எல்லாக் கார்களிலும் இந்த வடிவத்தில்தான் இருக்க வேண்டும் என்று விதி வந்தது. புகையைக் கட்டுப்படுத்துவதற்காகப் பிறந்த விதி அது. பிறகு உலகெங்கும் அதே வடிவம் பரவிவிட்டது. 16-ஆம் ஓட்டையில் எப்போதும் பேட்டரியின் 12 வோல்ட் இருக்கும். 4-ஆம் ஓட்டை எர்த், அதாவது காரின் உலோக உடம்பு. கணினிகளின் குறிப்பைப் படித்துக் காட்டும் ஸ்கேனரை மெக்கானிக் இங்கேதான் செருகுகிறார்.

அதன் திரையில் வரும் ஐந்தெழுத்துக் குறியின் முதல் இடம் ஓர் ஆங்கில எழுத்து. ஆங்கில அகரவரிசையின் 16-ஆவது எழுத்து வந்தால் என்ஜின், கியர் சார்ந்த கோளாறு. 3-ஆவது எழுத்து வந்தால் பிரேக், ஸ்டியரிங் போன்றவை. 2-ஆவது எழுத்து வந்தால் பாடி, நம் பெட்டியின் ராஜ்ஜியம். 21-ஆவது எழுத்தான 'யு' வந்தால் கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில் கோளாறு. அடுத்த எண் 0 என்றால் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான குறி. 1 என்றால் அந்தந்த நிறுவனம் தானே வகுத்துக்கொண்டது. பாடிக் குறிகளில் பெரும்பாலானவை இரண்டாம் வகை. கடையில் கிடைக்கும் மலிவான ஸ்கேனர் என்ஜின் குறிகளைப் படித்துவிட்டுப் பாடிக் குறிகளில் விழிப்பது இதனால்தான். அந்தக் காரின் சர்வீஸ் புத்தகம் பக்கத்தில் இல்லாமல் பாடிக் குறியில் கைவைப்பது வீண் வேலை.

புதிய கார்களில் ஐந்தெழுத்துக்குப் பின்னால் வால் போல இன்னும் இரண்டு இலக்கங்கள் ஒட்டியிருக்கும். 11 என்றால் எர்த்தோடு ஷார்ட். 12 என்றால் பேட்டரி மின்சாரத்தோடு ஷார்ட். 13 என்றால் சுற்று அறுந்திருக்கிறது. மேலே நாம் பார்த்த அதே மூன்று நிலைகள்தான்.

உங்களில் இரும எண்கள் படித்தவர்களுக்கு ஒரு விருந்து. ஐந்தெழுத்து என்று நாம் சொன்னாலும் கணினிக்குள் அது 16 பிட்டுகள் மட்டுமே. முதல் இரண்டு பிட்டுகள் ஆங்கில எழுத்தைக் குறிக்கும்: என்ஜினுக்கு 00, பிரேக் வகைக்கு 01, பாடிக்கு 10, 'யு'வுக்கு 11. அடுத்த இரண்டு பிட்டுகள் முதல் இலக்கம். மீதி 12 பிட்டுகளில் இலக்கத்துக்கு நான்காக மூன்று இலக்கங்கள். 1100 0001 0100 0000 என்பதைப் பிரியுங்கள். 11 என்றால் யு, 00 என்றால் 0, பிறகு 0001, 0100, 0000. ஆக, யு0140.

எனக்கு மிகவும் பிடித்த குறி இந்த யு0140. 'பாடி கண்ட்ரோல் மாட்யூலோடு தொடர்பு அறுந்தது' என்பது அதன் பொருள். இதை எழுதியது யாராக இருக்கும் என்று யோசியுங்கள். பேச்சு நின்றுபோன பி.சி.எம். தானே இதை எழுதியிருக்க முடியாது. என்ஜின் கணினியோ, மீட்டர் கணினியோ, 'வழக்கமாக வரும் அவன் குரல் வரவில்லையே' என்று காத்திருந்து பார்த்து எழுதிய குறிப்பு அது. எனவே ஒரு குறியைப் பார்த்ததும் அது என்ன சொல்கிறது என்பதோடு, எந்தக் கணினியின் நினைவில் இருந்தது என்பதையும் கேட்க வேண்டும். எல்லாக் கணினிகளும் ஒருமித்து பி.சி.எம்.மைக் காணோம் என்றால் கோளாறு அதன் பக்கம். ஒரே ஒரு கணினி மட்டும் அப்படிச் சொன்னால், அந்தச் சொல்லும் கணினியின் ஒயரையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இரண்டு ஒயரில் ஊர்ப்பேச்சு

கணினிகள் எப்படிப் பேசுகின்றன? ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்தில் 1983-ல் இதற்கான வேலை தொடங்கியது. 1986 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் நடந்த பொறியாளர் மாநாட்டில் அதை உலகுக்கு அறிவித்தார்கள். 'கேன்' என்பது அதன் சுருக்கப் பெயர். 1991-ல் வந்த மெர்சிடிஸ் எஸ்-கிளாஸ் கார்தான் அதை முதலில் பெரிய அளவில் பயன்படுத்தியது. அதற்கு முன் ஒவ்வொரு செய்திக்கும் ஒவ்வொரு ஒயர் இழுக்க வேண்டியிருந்தது. இப்போது ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு ஒயர்கள் போதும், எல்லாக் கணினிகளும் அதிலேயே பேசிக்கொள்ளும்.

யாரும் பேசாதபோது இரண்டு ஒயரிலும் 2.5 வோல்ட். ஒரு கணினி '0' என்று சொல்ல விரும்பினால் ஒன்றை 3.5-க்கு ஏற்றி மற்றதை 1.5-க்கு இறக்கும். கேட்கும் கணினிகள் இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை மட்டுமே பார்க்கும். பக்கத்திலுள்ள வைப்பர் மோட்டாரின் இரைச்சல் ஒயர்களில் புகுந்தாலும், முறுக்கியிருப்பதால் இரண்டிலும் சமமாகப் புகும்; வித்தியாசம் மாறாது. எவ்வளவு அழகான யோசனை! இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தால் செய்தியின் எண் பார்த்து முடிவாகும். சிறிய எண் கொண்ட செய்தி முந்தும், மற்றது நின்று காத்திருக்கும். நொடிக்கு 5 லட்சம் பிட் வேகத்தில் ஒரு செய்தி முடியக் கால் மில்லி விநாடிதான் ஆகும். காத்திருப்பது பெரிய கஷ்டமில்லை.

இந்த இரட்டை ஒயரின் இரு கோடிகளிலும் தலா 120 ஓம் மின்தடை வைத்திருப்பார்கள். அவை பக்க இணைப்பில் இருப்பதால் மொத்தம் 60 ஓம். பேட்டரியைக் கழற்றிவிட்டு 16 ஓட்டைக் கப்ளரின் 6, 14 ஆகிய ஓட்டைகளுக்கு இடையே மல்டிமீட்டர் வைத்தால் பெரும்பாலான கார்களில் இந்த 60 தெரிய வேண்டும். 120 காட்டினால் எங்கோ ஒரு கோடி அறுந்திருக்கிறது. சுழியம் போலக் காட்டினால் இரண்டு ஒயரும் ஒன்றையொன்று தொடுகின்றன. ஓர் எண்ணை வைத்துக்கொண்டு காரைப் பிரிக்காமலே இவ்வளவும் சொல்லிவிடலாம்.

டிக்கிக் கதவின் மர்மம்

இப்போது துப்பறியப் போவோம். பின்கதவு மேலே தூக்கித் திறக்கும் வகைக் கார்களில் அடிக்கடி நேரும் கோளாறு இது. நம்பர் பிளேட் விளக்கு சில நாள் எரிகிறது, சில நாள் எரிவதில்லை. பின்கண்ணாடி வைப்பர் திடீரென்று நிற்கிறது. டிக்கி சில சமயம் பொத்தானுக்குத் திறப்பதில்லை. ஸ்கேனரில் பாடி வரிசையில் மூன்று குறிகள். மூன்றும் பி.சி.எம்.மின் நினைவில் உள்ளவை. அவசரமான ஒருவர் 'பி.சி.எம். போச்சு, மாற்றிவிடலாம்' என்பார். புதுப் பெட்டி விலை கூடியது. அது போதாதென்று, பல கார்களில் புதுப் பெட்டிக்கு அந்தக் காரின் சாவியையும் மற்ற விவரங்களையும் கணினி வழியே கற்றுக்கொடுக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் வண்டி கிளம்பாது.

நிதானமானவர் முதலில் குறிகளை அழிக்காமல் தாளில் எழுதிக்கொள்வார். எவை இப்போதும் இருப்பவை, எவை எப்போதோ வந்துபோனவை என்று ஸ்கேனரே பிரித்துக் காட்டும். அடுத்து பேட்டரி. ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். என்ஜின் ஓடும்போது ஏறத்தாழ 14. பேட்டரி பலவீனமாக இருந்தால் ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் வோல்ட்டேஜ் பள்ளத்தில் விழும். கணினிகள் அரை மயக்கத்தில் ஒன்றின்மேல் ஒன்று குற்றம் சாட்டி டஜன் கணக்கில் குறிகளை எழுதித் தள்ளும். அத்தனையும் ஒரு பழைய பேட்டரியின் வேலையாக இருக்கும். அதனால் பேட்டரியைப் பார்க்காமல் எந்தக் குறியையும் ஆராயத் தொடங்கக் கூடாது.

நம் காரில் பேட்டரி நலம். ஃபியூஸ்களும் நலம். அப்படியானால் மூன்று குறிகளுக்கும் பொதுவானது என்ன? வயரிங் வரைபடத்தை விரித்துப் பார்த்தால் விடை தெரிகிறது. நம்பர் பிளேட் விளக்கு, பின் வைப்பர், டிக்கிப் பூட்டு மூன்றும் அந்தப் பின்கதவிலேயே இருக்கின்றன. மூன்றின் ஒயர்களும் காரின் கூரையிலிருந்து கதவுக்குள் நுழையும் இடத்தில் ஒரே ரப்பர் குழாய் வழியாகப் போகின்றன. கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்த ஒயர்கள் மடங்கி நிமிர்கின்றன.

அவர் நம்பர் பிளேட் பல்பைக் கழற்றிவிட்டு, ஹோல்டரில் மல்டிமீட்டரை வைக்கிறார். 12.4 வோல்ட்! ஒயர் நன்றாக இருப்பதுபோல் தெரிகிறது, இல்லையா? பல பேர் ஏமாறும் இடம் இதுதான். மல்டிமீட்டரின் உள்தடை ஏறத்தாழ 1 கோடி ஓம். அதன் வழியே ஓடும் மின்னோட்டம் ஓர் ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான். ஒயரில் 1000 ஓம் தடை இருந்தாலும் இவ்வளவு சிறிய மின்னோட்டத்துக்கு ஒரு மில்லி வோல்ட் அளவே குறையும், மீட்டரில் தெரியவே தெரியாது. இற்றுப்போன கிணற்றுக் கயிறு வாளி இல்லாமல் தொங்கும்போது நல்ல கயிறு போலத்தான் இருக்கும். தண்ணீரோடு வாளி மேலே வரும்போதுதான் அதன் குணம் தெரியும்.

ஆகவே அவர் பல்பைத் திரும்பப் போட்டு, மின்னோட்டம் ஓடும்போது அளக்கிறார். இப்போது ஹோல்டரில் 4 வோல்ட்தான். பேட்டரியில் 12.4 இருக்கிறது. மீதி 8.4 வோல்ட் எங்கே போயிற்று? மின்சாரத்தில் எதுவும் மாயமாக மறைவதில்லை. வழியில் எங்கோ ஒளிந்திருக்கும் தடையின்மேல் அந்த 8.4 விழுந்திருக்கிறது. ஒயர் நெடுகிலும் மீட்டரை நகர்த்திக்கொண்டே வந்தால் ரப்பர் குழாயின் இந்தப் பக்கம் 12.3, அந்தப் பக்கம் 4. குற்றவாளி அகப்பட்டுவிட்டது! ரப்பரை விலக்கினால் ஒயரின் தோல் விரிசல் விட்டு, உள்ளே செம்புப் புரிகள் அறுந்து, பச்சைக் களிம்பின் வழியே தொட்டும் தொடாமலும் நிற்கின்றன. பக்கத்து இரண்டு ஒயர்களுக்கும் அதே கதி. அந்த நீளத்துக்கு மட்டும் வளைந்து கொடுக்கும் புது ஒயர் சேர்த்துப் பற்றவைத்து, சுருங்கும் உறை போட்டு மூடினால் வேலை முடிந்தது. பிறகு குறிகளை அழித்து, கதவைப் பலமுறை திறந்து மூடி, குறி திரும்ப வருகிறதா என்று பார்க்க வேண்டும். வரவில்லை. பி.சி.எம். ஒரு பாவமும் அறியாதது. அது எழுதிய மூன்று குறிகளும் உண்மையைத்தான் சொன்னன.

எர்த் கெட்டால் குறியே குழம்பும்

பாடிக் கோளாறுகளில் பாதிக்கு மேல் சுவாரசியம் எர்த்தில்தான் என்பேன். மின்சாரம் விளக்குக்குப் போனால் மட்டும் போதாது, பேட்டரிக்குத் திரும்பியும் வர வேண்டும். திரும்பும் வழியாகக் காரின் உலோக உடம்பையே பயன்படுத்துகிறார்கள். பின்விளக்குகளின் எர்த் ஒயர்களை எல்லாம் ஒன்றுசேர்த்து ஒரே போல்ட்டில் முடுக்கியிருப்பார்கள். அந்த போல்ட் துருப்பிடித்தால் என்ன ஆகும்?

ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கிறார். மின்சாரம் பிரேக் விளக்கின் இழையைக் கடந்து எர்த் போல்ட்டுக்கு வருகிறது. வழி அடைத்திருக்கிறது. அதே பல்புக்குள் இரவு விளக்குக்கான இன்னொரு இழை உண்டு, அதன் எர்த்தும் இதே இடம். மின்சாரம் அந்த இழைக்குள் தலைகீழாக நுழைந்து, இரவு விளக்கின் ஒயர் வழியே முன்பக்கத்துச் சிறு விளக்குகளுக்குப் போய், அவற்றின் நல்ல எர்த்தில் இறங்கித் திரும்புகிறது. விளைவு: பிரேக்கை மிதித்தால் முன்பக்கத்துச் சிறு விளக்குகள் மங்கலாக எரிகின்றன! பி.சி.எம். பார்க்கிறது. பிரேக் விளக்கில் மின்னோட்டம் குறைவு, 'அறுந்த சுற்று' என்று எழுதுகிறது. தான் அணைத்து வைத்திருக்கும் இரவு விளக்கு ஒயரில் வோல்ட்டேஜ் நிற்கிறது, 'பேட்டரியோடு ஷார்ட்' என்று இன்னொன்றும் எழுதுகிறது. உண்மையில் எந்த ஒயரும் அறுந்துபோகவில்லை, எதுவும் ஷார்ட் ஆகவில்லை. ஒரு போல்ட் துருப்பிடித்தது, அவ்வளவே. அதற்குக் கண் கிடையாது என்று முன்பே சொன்னேன் அல்லவா?

இதைப் பிடிக்கும் சோதனை மிக எளிது. விளக்கை எரியவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்மின் முனையிலும் மறுமுனையைப் பல்பின் எர்த்திலும் வைக்க வேண்டும். இரண்டும் எர்த் என்பதால் சுழியத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். 3, 4 வோல்ட் காட்டினால் இடையில் துரு.

வெள்ள நீரும் இதே வேலையைச் செய்கிறது, இன்னும் மோசமாக. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் எத்தனையோ கார்கள் இருக்கை மட்டத்துக்கு மூழ்கின. கால் பக்கத்தில் தாழ்வாக இருக்கும் பி.சி.எம்.முக்கும் கப்ளர்களுக்கும் அந்த நீர் எட்டிவிடும். உப்புகள் கரைந்த நீரில் 12 வோல்ட் இருந்தால் பள்ளியில் படித்த மின்னாற்பகுப்புத்தான் நடக்கும்: நேர்மின் பக்கத்துச் செம்பு அயனியாகக் கரைந்து, கப்ளரின் உலோக முனை மெலிந்துகொண்டே போகும். கார் காய்ந்த பிறகு எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரியும், வாரங்கள் கழித்துக் குறிகள் வரத் தொடங்கும். மூழ்கிய காரில் சாவியைப் போட்டுப் பார்க்காமல் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்வது இதற்காகத்தான்.

இன்னொரு சிறு கணக்கையும் போட்டுவிடுவோம். காரைப் பூட்டிவிட்டுப் போனதும் கணினிகள் உறங்கிவிட வேண்டும். உறக்கத்தில் கார் எடுக்கும் மின்னோட்டம் 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் நல்லது. 45 ஆம்பியர்-மணி பேட்டரியை அது முழுவதும் காலி செய்ய 900 மணி நேரம், அதாவது 37 நாட்களுக்கு மேல் ஆகும். கதவிலுள்ள சிறு சுவிட்ச் ஒட்டிக்கொண்டு 'கதவு திறந்திருக்கிறது' என்று சொல்லிக்கொண்டே இருந்தால் பி.சி.எம். விழித்தே கிடக்கும். 1 ஆம்பியர் ஓடினால் 45 மணி நேரம்தான், இரண்டு நாள்கூட இல்லை. காலையில் கார் கிளம்பவில்லை என்று பேட்டரியைத் திட்டுகிறவர்கள் கதவுச் சுவிட்சையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

வீட்டில் செய்து பாருங்கள்

காரைத் தொடாமலே இதன் சாரத்தைச் சோதிக்கலாம். இரண்டு 1.5 வோல்ட் பேட்டரி செல்கள், பழைய டார்ச்சின் இழை பல்பு ஒன்று, இரு பக்கமும் சீவிய பென்சில் ஒன்று, சில ஒயர்கள், ஒரு மல்டிமீட்டர். செல், பென்சில் கரி, பல்பு மூன்றையும் தொடராக இணையுங்கள். பென்சில் கரிதான் உங்கள் களிம்பு பிடித்த ஒயர். பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் அளந்தால் ஏறக்குறைய 3 வோல்ட் முழுதாக வரும். பல்பைப் போட்டு அளந்தால் குறைந்துவிடும். குறைந்த வோல்ட் பென்சிலின் இரு முனைகளுக்கு இடையே இருப்பதையும் அளந்து, இரண்டையும் கூட்டிப் பாருங்கள்.

காரில் மட்டும் தனியாகக் கைவைக்காதீர்கள். பெரியவர் துணையில்லாமல் டேஷ்போர்டுக்கு அடியில் எதையும் கழற்றக் கூடாது. மஞ்சள் நிறக் கப்ளர்கள் பெரும்பாலும் காற்றுப்பைக்கு உரியவை. தவறாகத் தொட்டால் காற்றுப்பை வெடித்து விரியும். மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிறக் கேபிள்களில் உயிரைப் பறிக்கும் உயர் மின்னழுத்தம் உண்டு. ஆனால் வீட்டுக் கார் ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்போது நீங்களும் கூடப் போகலாம். ஸ்கேனரில் ஒரு குறி வந்தது, இந்தப் பெட்டியை மாற்ற வேண்டும் என்று சொன்னால், மரியாதையோடு கேளுங்கள்: "அண்ணா, அந்தக் குறி எந்தக் கணினியில் இருந்தது? விளக்கு எரியும்போது வோல்ட் அளந்தீர்களா? எர்த்தைப் பார்த்தீர்களா?" நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விகளுக்கு மகிழ்ச்சியோடு பதில் சொல்வார், மீட்டரை உங்கள் கையிலேயே கொடுத்துக் காட்டவும் செய்வார்.